மேரி நிற்கிறது, மேயர் எங்கே?

தோழரே!

புதுவைக் கடற்கரையிலே மாலை வேளையில் உலவியிருப்பீர். ஒருபுறம் ஓயாது முழங்கும் கடல். மறுபுறம் தூண்களும் வளைவுகளுமாக எழுந்து நிற்கும் மாளிகை. வெளியூரிலிருந்து வந்தோர் அதன் எதிரே குடும்பம் குடும்பமாக நின்று படமெடுத்துக் கொள்கின்றனர். "இது என்ன கட்டிடம், ஐயா?" என்று கேட்கிறார் ஒருவர். "மேரி கட்டிடம்" என்கிறார் சுண்டல் விற்கும் பெரியவர். "மேரியா? மாதா கோயிலோ?" என்று வியக்கிறார் வந்தவர். பெரியவர் சிரித்துக்கொண்டே அடுத்த பொட்டலத்தை மடிக்கிறார்.

மாதா கோயிலுமன்று, மங்கை ஒருத்தியின் பெயருமன்று. 'மேரி' என்பது பிரெஞ்சுச் சொல். மேயரின் மனை, நகராட்சி இல்லம் என்பது அதன் பொருள். ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கூடும் இடம். அவர்களுள் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் அமரும் இடம். பிறந்தவன் பெயரும், மணந்தவள் பெயரும், மறைந்தவர் பெயரும் பதிவாகும் இடம். அதுதான் மேரி.

1870களின் தொடக்கத்தில் எழுந்த அந்த மாளிகை, 2014ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், அடைமழையில் இடிந்து சரிந்தது. ஊரே கலங்கிற்று. பழைய படங்களைத் தேடி எடுத்து, அளவு பார்த்து, அதே தூண், அதே வளைவு, அதே முகப்பு என்று உலக வங்கியின் நிதியுதவியோடு மீண்டும் கட்டினர். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் பிரதமரே திறந்து வைத்தார். பாராட்டுகிறோம். இடிந்ததைக் கட்டுவது எளிய செயலன்று.

ஆனால், தோழரே, ஒரு கேள்வி நெஞ்சைக் குடைகிறதே! மேயரின் மனையைக் கட்டி முடித்தார்கள். மேயர் எங்கே?

நாடகம் எழுதுவது என் தொழில். மேடை போடுவார்கள், திரை கட்டுவார்கள், விளக்கு ஏற்றுவார்கள், சிம்மாசனத்துக்குப் பொன்வண்ணக் காகிதம் ஒட்டுவார்கள். எல்லாம் முடிந்து, மணி அடித்து, திரை விலகும்போது அரசன் வேடம் கட்ட ஆளில்லை என்றால் என்ன நடக்கும்? கூட்டம் கூச்சலிடும், கொட்டகைக்காரர் ஓடிவிடுவார். புதுவையில் 2011க்குப் பின் அந்த நாடகம்தான் ஆண்டுக்கணக்கில் நடந்தது. வியப்பு என்னவென்றால், இங்கே கூட்டம் கூச்சலிடவில்லை! நாயகன் இல்லாத நாடகத்தைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பொறுமையைப் பற்றித்தான் இந்த ஞாயிறு உம்மோடு பேச விழைகிறேன்.

முதலில் ஓர் ஆங்கிலேயரின் கதையைக் கூறுகிறேன். 'புதுவைக்கும் ஆங்கிலேயனுக்கும் என்ன உறவு?' என்று புருவம் உயர்த்த வேண்டாம். மேயரின் நாற்காலியில் அமர்ந்தவரல்லர் அவர். அதன் பக்கத்தில் அமர்ந்தவர். அவர் அமர்ந்த இடத்தைப் புரிந்துகொண்டால், நம் ஊரில் காலியாகக் கிடந்த இடம் எது என்பது தானே விளங்கும்.

அவர் பெயர் ஜோசப் ஹெரான். ஊர் மான்செஸ்டர். பருத்தியை நூலாக்கி, நூலை ஆடையாக்கி, அந்த ஆடையைக் கப்பல் கப்பலாக நம் தலையிலே கட்டி, நம் தறிகளை ஊமையாக்கிய அதே மான்செஸ்டர்தான்! ஆலைப் புகை வானை மறைத்த அந்தப் பெருநகரம், 1838 வரை எப்படி ஆளப்பட்டது தெரியுமோ? மோஸ்லி என்னும் நிலப்பிரபுக் குடும்பத்தின் பண்ணை மன்றத்தால்! இலட்சக்கணக்கான மக்கள் வாழும் ஆலை நகரத்தின் சந்தையும் சுங்கமும் ஒரு பண்ணையாரின் பரம்பரைச் சொத்து. உலகத்துக்கே ஆடை நெய்தவர்களுக்கு, ஊரைப் பற்றி ஒரு சொல் சொல்ல உரிமை இல்லை.

1835இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நகராட்சிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதுவரை பல நகரங்களில், மன்ற உறுப்பினர்கள் தங்களைத் தாங்களே தேர்ந்தெடுத்துக் கொண்டார்கள். பழைய உறுப்பினர் மறைந்தால் மிச்சமிருப்போர் கூடி மாமனையோ மைத்துனனையோ அமர்த்திக்கொள்வர். அந்த உறவுக்கூட்டத்தின் கதவை உடைத்தது 1835ஆம் ஆண்டுச் சட்டம். 178 நகரங்களில் வரி செலுத்துவோர் வாக்களித்து மன்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. அந்த 178 என்ற எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளும், தோழரே, பின்னால் தேவைப்படும். பெண்களுக்கு வாக்கில்லை, சொத்தற்ற ஏழைக்கு வாக்கில்லை, அரைகுறைச் சட்டம்தான். எனினும் ஒரு விதையை ஊன்றியது: ஊரை ஆளும் அதிகாரம் ஊராரிடமிருந்து வரவேண்டும் என்ற விதை.

அதே சட்டம் இன்னொன்றையும் சொன்னது. மன்றம் தனக்கென ஒரு நகரச் செயலரை அமர்த்திக்கொள்ள வேண்டும் என்றது. இலண்டன் அனுப்பும் ஆளன்று; மன்றமே தேடி, மன்றமே அமர்த்தும் ஆள். சட்டம் அறிந்தவராக, கணக்கு அறிந்தவராக, உறுப்பினர் எடுத்த முடிவை நடைமுறைக்குக் கொண்டுவருபவராக அவர் இருக்க வேண்டும்.

முதல் 178 நகரங்களின் பட்டியலில் மான்செஸ்டர் இல்லை. ரிச்சர்ட் காப்டன் போன்றோர் கிளர்ச்சி செய்து 1838இல் உரிமைப் பட்டயம் பெற்றனர். புதிய மன்றம் அமர்த்திய முதல் நகரச் செயலர்தான் வழக்கறிஞர் ஜோசப் ஹெரான். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த நகரின் பணியிலேயே கழிந்தது அவர் வாழ்வு. அரசு அவருக்கு 'சர்' பட்டமும் தந்தது.

அவர் பணியேற்றபோது மன்றத்துக்கு மாளிகை ஏது? மதிப்புத்தான் ஏது? பழைய அமைப்புகள், 'உங்கள் பட்டயமே செல்லாது' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டன. 1842இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிய பிறகே அந்தப் பூசல் ஓய்ந்தது. 1846இல் பண்ணையாரின் உரிமைகள் அனைத்தையும் 2,00,000 பவுன் கொடுத்து வாங்கிற்று மன்றம். பண்ணையார் கையிலிருந்த சந்தை ஊரார் கைக்கு வந்தது. பின்னர் மலையிடையே நீர்த்தேக்கங்கள் எழுந்தன. 1879இல், ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தேர்ல்மியர் ஏரியிலிருந்து நீர் கொண்டுவரச் சட்டம் நிறைவேறியது. 1894இல் அந்நீர் நகருக்கு வந்தது. மான்செஸ்டரின் பெரும் நகர மாளிகை திறக்கப்பட்டது எப்போது? 1877இல்! மன்றம் அமைந்து 39 ஆண்டுகளுக்குப் பிறகு!

வரிசையைக் கவனியும், தோழரே. அங்கே முதலில் மன்றம், பிறகு உரிமை, பிறகு சந்தை, பிறகு நீர், பிறகு மாளிகை. இங்கோ மாளிகை கோலாகலமாகத் திறக்கப்பட்டது. மன்றம் மட்டும் வரவில்லை!

ஹெரான் செல்வாக்கு மிகுந்தவர். சட்ட நுணுக்கம் அனைத்தும் அறிந்தவர். ஆண்டுதோறும் உறுப்பினர்கள் வருவார்கள், போவார்கள், அவரோ அசையாதிருப்பார். அப்படிப்பட்ட அதிகாரிக்குத் தலைக்கனம் ஏற எவ்வளவு நேரமாகும்? ஆயினும் அவருக்குமேல் ஒரு கடிவாளம் இருந்தது. அவரை அமர்த்தியது மன்றம். ஊதியம் குறித்தது மன்றம். வேண்டாம் என்றால் வழியனுப்பும் உரிமையும் மன்றத்துக்கே. மன்றத்தை அமர்த்தியதோ வாக்காளர். தெருவில் சாக்கடை தேங்கினால், அந்தத் தெருக்காரன் உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டுவான். உறுப்பினர் மன்றத்தில் எழுந்து கேட்பார். பட்டம் பெற்ற ஹெரானும் எழுந்து விடை சொல்லியாக வேண்டும். அந்த முறைதான் அவரை வல்லவராகவும் வைத்தது, பணியாளராகவும் வைத்தது.

அதே பிரிட்டிஷ்காரன் சென்னைக்கு வந்தபோது என்ன செய்தான்? தன் ஊரில் மன்றத்துக்குக் கீழே வைத்த அதிகாரியை, நம் ஊரில் மன்றத்துக்குத் தலைவனாகவே ஆக்கினான்! சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழமையானது. ஆனால் ஐ.சி.எஸ். துரைமார்களே அதன் தலைவர் நாற்காலியில் அமர்ந்துவந்தனர். தீர்மானம் போடுபவரும் அவரே, நிறைவேற்றுபவரும் அவரே, சரியாக நிறைவேறிற்றா என்று பார்ப்பவரும் அவரே! 1882இல் ரிப்பன் பிரபு தலத்தன்னாட்சித் தீர்மானம் கொண்டுவந்து, மக்கள் தாமே ஆளப் பழகும் பள்ளி இதுவே என்ற கருத்தை முன்வைத்தார். அவர் பெயரால் மாளிகை எழுந்தது. நாற்காலி மட்டும் துரையிடமே இருந்தது.

1919ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த முடிச்சை அவிழ்த்தது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மன்றத்துக்கு வந்தது. நிருவாகத்தைக் கவனிக்க ஆணையர் தனியே அமர்த்தப்பட்டார். தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவராக அமர்ந்தார் வெள்ளுடை வேந்தர் தியாகராயர். விளைவு என்ன? 1920ஆம் ஆண்டு செப்டம்பரில் மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று: ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு, தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. பின்னாளில் தமிழகமெங்கும் பந்தி விரித்த திட்டத்தின் முதல் இலை அங்கே போடப்பட்டது. அத்தனை ஆண்டுகள் ஆண்ட துரைமார்களில் எவருக்கும் அந்தப் பசி தெரியவில்லையே, ஏன்? அவர்கள் கொடியவர்களா? அல்லர். பசித்த பிள்ளையின் தகப்பன் அவர்கள் கதவைத் தட்டும் வழி இல்லை, அவ்வளவே!

இனிப் புதுவைக்கு வருவோம்.

பிரெஞ்சுக்காரன் இங்கே 1880ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் ஆணையால் கொம்யூன்களை அமைத்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் என்ற ஏற்பாடு வந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கினான். வாக்குச்சீட்டிலோ வாக்காளரைப் பட்டியல் பட்டியலாகப் பிரித்து, கைப்பிடியளவு ஐரோப்பியருக்குப் பெரும்பங்கை எடுத்து வைத்தான். தேர்தல் நாளில் தடியர் கூட்டம் தெருவை ஆண்ட கதைகளும் உண்டு. குறை பலவுண்டு, மறுக்கவில்லை. ஆயினும் 'நகரத்துக்குத் தலைவர் ஊரார் தெரிந்தெடுப்பவர்' என்ற எண்ணம் புதுவை மண்ணில் வேரூன்றிவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பட்டியல் பாகுபாடு ஒழிந்தது. 1936ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலைக் கிளர்ச்சியில் 12 தொழிலாளர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான ஊர் இது. அந்தத் தொழிலாளரின் தோழனும் வாக்காளனானான். அவன் மனைவியும் வாக்காளரானாள். 1948 அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தலில் பிரெஞ்சு ஆட்சிக்குத் துணைநின்றோரே பெருவாரியாக வென்றனர். 'நகராட்சி மன்றங்கள் நம் கையில். இனி நமக்கென்ன கவலை' என்று எண்ணியிருப்பார்கள் ஆளவந்தார்.

எண்ணம் பொய்த்தது. 1954ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், புதுவை நகரமும் அதைச் சூழ்ந்த ஏழு கொம்யூன்களுமாக எட்டின் மேயர்களும், அரசின் ஆலோசனை மன்றத்தாரும், வாக்கெடுப்பின்றியே இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று தீர்மானித்தனர். நேற்றுவரை பிரெஞ்சுக்குத் தோள்கொடுத்த எதுவார் குபேர் அணிமாறி நெட்டப்பாக்கத்தில் வந்து நின்றார். கடற்கரைச் சாலைக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் இன்று அவர் பெயர்தான். 1963இல் இந்த ஆட்சிப்பகுதியின் முதல் முதலமைச்சரானவரும் அவரே. அவர் ஏன் மாறினார் என்பதை வரலாற்றாசிரியர் எழுதட்டும். மேயர்கள் திரும்பியதும் ஆட்சியின் அடித்தளமே ஆட்டங்கண்டது என்பதே நமக்குப் பாடம். துப்பாக்கி இருந்தது, கவர்னர் மாளிகை இருந்தது. ஊர்மன்றம் இல்லாத ஆட்சி காற்றில் தொங்கும் கூரையாயிற்று.

பிறகு கீழூர். 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள். அந்தச் சிற்றூரிலே பிரதிநிதித்துவ சபையினரும் நகராட்சி மன்ற உறுப்பினர்களும் கூடினர். எத்தனை பேர் தெரியுமோ? 178 பேர்! நினைவில் வைக்கச் சொன்னேனே, அதே எண். அங்கே 178 நகரங்களுக்கு மன்ற உரிமை வந்தது. இங்கே மன்றத்தினரும் சபையினருமாக 178 பேர் ஒரு நிலப்பரப்பின் தலைவிதியையே எழுதினர். எண்கள் பொருந்தியது தற்செயல்தான். ஆனால் இரண்டிலும் உள்ள செய்தி ஒன்றே. இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறிற்று. சட்டப்படியான மாற்றம் 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் நிறைவெய்தியது.

எண்ணிப் பாரும்! புதுவையின் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட விரல்களுள் பெரும்பாலானவை யாருடையவை? தெருவிளக்கும் சாக்கடையும் சந்தைக் குத்தகையும் பேசி வந்த நகராட்சி உறுப்பினர்களுடையவை. அந்தச் சின்ன மன்றங்கள்தாம் பெரிய முடிவை எடுத்தன.

அந்த மன்றங்களுக்கு விடுதலை பெற்ற புதுவை செலுத்திய நன்றி என்ன?

1968இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் எப்போது? 2006இல்! இடையில் 38 ஆண்டுகள். 1968இல் பிறந்த குழந்தை பள்ளி சென்று, மணமுடித்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகுதான், தன் வார்டுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பு அதற்குக் கிட்டியது. நடுவே 1973ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் வந்தது. சட்டத்திலிருந்து மேயர் மறைந்தார், தலைவர் வந்தார். சரி, பெயரில் என்ன இருக்கிறது? தலைவரையாவது அமர்த்தினார்களா? தனி அதிகாரியை அமர்த்தினார்கள். 1993இல் 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. நகராட்சியின் காலம் ஐந்தாண்டு, அது முடியுமுன் அடுத்த தேர்தல் என்றது. அதன் பிறகும் 13 ஆண்டுகள் கடந்தன.

2006இல் 5 நகராட்சிகளுக்கும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் 98 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் தேர்தல் நடந்தது. ஊர் திருவிழாக் கோலம் பூண்டது. 2011இல் காலம் முடிந்தது. மீண்டும் கதவு சாத்தப்பட்டது. 2021இல் தேர்தல் அறிவிப்பு வந்தது. இடஒதுக்கீட்டில் எழுந்த சிக்கல் வழக்காகி, அறிவிப்பு அறிவிப்போடு நின்றது. மேரியைத் திறந்து வைத்த அதே ஆண்டில், தோழரே! நாற்காலி துடைக்கப்பட்டது, அமரவேண்டியவர் மட்டும் நீதிமன்ற வாசலிலேயே நிறுத்தப்பட்டார்.

'அண்டை வீட்டை மட்டும் குறை கூறுகிறாயே' என்பீர். நம் சென்னை என்ன ஒழுங்கு? தியாகராயர் அமர்ந்த அந்த மாமன்றம் 1973இல் கலைக்கப்பட்டு, 1996 வரை தேர்தலின்றிக் கிடந்தது. 2016இல் காலம் முடிந்த மன்றத்துக்கு 2022இல்தான் அடுத்த தேர்தல். ஆண்ட கட்சிகள் பல. 'என் கை தூயது' என்று நெஞ்சில் அறைந்து சொல்லத்தக்க கட்சி எது? நம்மையும் சேர்த்தே கேட்கிறேன். எதிர்க்கட்சியாக இருக்கும்போது தலத்தன்னாட்சி தேனாக இனிக்கிறது. கோட்டைக்குள் நுழைந்ததும் வேம்பாகக் கசக்கிறது. சட்டமன்ற உறுப்பினருக்குத் தம் தொகுதியில் இன்னொரு தலைவர் முளைப்பது பிடிப்பதில்லை. அமைச்சருக்குத் தம் ஒப்பந்தக் கோப்பைக் கேள்வி கேட்கும் மன்றம் பிடிப்பதில்லை. ஆளும் கட்சி எதுவாயினும், ஆணையரோடு பேசுவது எளிது. ஆயிரம் கேள்வி கேட்கும் மன்றத்தோடு பேசுவது கடினம். இந்த உண்மையை நம் ஏட்டில் நாமே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?

நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார்: "அதிகாரி ஆட்சியில் என்ன குறை கண்டீர்? படித்தவர், சட்டம் தெரிந்தவர், கட்சிச் சண்டை இல்லாதவர். உறுப்பினர் வந்தால் கமிஷன் கேட்பார், குத்தகையில் கைவைப்பார், மச்சானுக்கு ஒப்பந்தம் தருவார்." நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன், அவரோ பட்டங்கள் பெற்றவர். ஆயினும் ஒன்று கேட்டேன்: "கையூட்டு வாங்கிய உறுப்பினரை ஐந்தாண்டில் வீட்டுக்கு அனுப்பலாம். கையூட்டு வாங்கிய அதிகாரியை நீர் எந்தச் சாவடியில், எந்தச் சீட்டில் குத்தி அனுப்புவீர்?" நண்பர் காப்பியைக் குடித்து முடித்தார், பதிலை இன்னும் முடிக்கவில்லை.

அதிகாரிகளைத் தூற்றுவது என் நோக்கமன்று. நள்ளிரவில் மழையில் நின்று பணியாற்றும் நல்லவர்களை நானறிவேன். ஆனால் அவருடைய பணிவாழ்வின் பாதையைப் பாரும். மேலிடம் அமர்த்துகிறது, மேலிடம் மாற்றுகிறது, மேலிடம் உயர்த்துகிறது. எனவே அவர் கண் மேல்நோக்கியே இருக்கிறது. அது அவர் குற்றமன்று, ஏணியின் இயல்பு. ஒரு தெருவின் பெயரும் அதன் பள்ளமும் அவருக்குப் பழகுமுன் மாற்றல் ஆணை வந்துவிடுகிறது. மான்செஸ்டர் அதிகாரியும் வல்லமை படைத்தவரே. ஆனால் அவருடைய ஏணி ஊராரின் தோளிலே சாய்ந்திருந்தது; நம் ஆணையரின் ஏணி தலைமைச் செயலகச் சுவரிலே சாய்ந்திருக்கிறது. ஏணி எங்கே சாய்கிறதோ, அங்கேதான் ஏறுபவரின் விசுவாசமும் சாயும்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாளை மறந்திருக்க மாட்டீர். பெஞ்சல் புயல் கரைகடந்த இரவு. ஒரு நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேலான மழை! பெரிய வாய்க்கால் பெருக்கெடுத்தது. தாழ்ந்த நகர்கள் குளமாயின. மேரி இடிந்து விழுந்து பத்தாண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தது. இம்முறை மேரி அசையவில்லை, உறுதியாகக் கட்டியிருந்தார்கள். ஆனால், இடுப்பளவு நீரில் பாட்டியைத் தோளில் தூக்கி நின்ற பிள்ளை, யாரை அழைப்பான்? தன் தெருவில் எந்த மூடி திறந்தால் நீர் வடியும், எந்த வீட்டில் நோயாளி படுத்திருக்கிறார், எந்தச் சந்தில் மின்கம்பம் சாய்ந்திருக்கிறது என்பதை அறிந்த வார்டு உறுப்பினர் அவனுக்கு இல்லை. அரசு ஊழியர் வந்தனர், படைவீரரும் வந்து படகில் மீட்டனர், நன்றி. ஆனால் வெள்ளம் வடிந்த பின், 'வாய்க்கால் ஏன் தூர்வாரப்படவில்லை? தூர்வாரியதாக எழுதிய கணக்கு எங்கே?' என்று மேசையைத் தட்டிக் கேட்க ஒரு மன்றம் இல்லையே! கட்டிடம் மழைக்குத் தாங்கிற்று. மக்களாட்சி தாங்கியதா?

தோழரே, இங்கே உம்முடைய கடமை பிறக்கிறது. தேர்தல் வந்தால் வேட்பாளர் யார் என்று கேட்கிறோமே, தேர்தல் ஏன் வரவில்லை என்று எத்தனை முறை கேட்டோம்? சட்டமன்றத் தேர்தலுக்கு இரவு பகலாகச் சுவரெழுதும் நம் கைகள், நகராட்சித் தேர்தலுக்காக ஒரு துண்டறிக்கை எழுதியதுண்டா? நம் கிளைக்கூட்டம் ஒவ்வொன்றிலும் அந்த வார்டின் வாய்க்கால், விளக்கு, பள்ளி, சுடுகாடு, சந்தை ஆகியவற்றின் பட்டியல் ஒன்று எழுதும். ஆணையரிடம் மனுவாகக் கொடும். விடை வந்ததா என்று அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டும். மன்றம் இல்லாத இடத்தில் தெருவே மன்றமாகட்டும். தேர்தல் வரும் நாளில், பணமுடையவனைத் தேடாமல், அந்தப் பட்டியலைக் கையில் வைத்திருந்தவனை வேட்பாளராக நிறுத்தும்படி தலைமையிடம் துணிந்து சொல்லும்.

ஒன்றை மறவாதீர். கீழூரில் வாக்களித்தோரில் பெரும்பாலோர் பெரும் பதவியில் இருந்தவரல்லர். வார்டு மனிதர்கள், சந்தைக்குப் பேசியவர்கள், சாக்கடைக்குப் பேசியவர்கள். சின்ன மன்றத்தில் பேசிப் பழகிய நாக்குத்தான், பெரிய நாளில் 'இணைவோம்' என்று உரக்கச் சொல்லிற்று. அந்தப் பள்ளியை மூடினால், நாளைக்கு ஒரு பெரிய நாள் வரும்போது பேசுவதற்கு நாக்கு இராது.

அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, சுண்டல்காரப் பெரியவர் அருகே சற்று நில்லும். வெளியூர்க்காரர் யாரேனும் "மேரி என்றால் என்ன?" என்று கேட்டால் நீரே விடை சொல்லும்: "இது எங்கள் ஊராரின் வீடு, ஐயா. இதிலே உட்காரும் ஆளை அனுப்புவது எங்கள் வேலை."

சொல்லிவிட்டு அந்த வேலையைத் தொடங்கும், தோழரே!